501-வது யூனிட்டின் விலை 233 ரூபாய்

முதல்ல ஒரு கணக்கு. 2022 செப்டம்பர் 10-ல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த வீட்டு மின் கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடியிருந்தா ஈபி பில் 1725 ரூபாய். 501 யூனிட் ஓடியிருந்தா 1958 ரூபாய். கடைசியா ஓடின அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 233 ரூபாய். ஏன்?

இதைப் படிக்கிற நீங்க எல்லாரும் ப்ளஸ் டூ கணக்கு எழுதி பாஸ் பண்ணி, இங்க வந்து நாலு மேத்ஸ் பேப்பர் முடிச்சவங்க. ஆனா இந்தக் கேள்வியை எங்க ஹாஸ்டல்ல கேட்டப்போ நிறைய பேர் "ஈபி-காரங்க தப்பா போட்டிருப்பாங்க"ன்னுதான் சொன்னாங்க. ஒன்பதாம் வகுப்புப் பசங்க சிலர் இதுக்குக் காரணம் கண்டுபிடிச்சாங்க. அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க, நடுவுல நான் எங்கெல்லாம் சொதப்பினேன்ங்கறதுதான் இந்தக் கட்டுரை. என்எஸ்எஸ்ல வார இறுதிக்கு டியூஷன் எடுக்கப் போறவங்க, வீட்ல தம்பி தங்கச்சிக்குக் கணக்கு சொல்லித் தர்றவங்க, உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

ஆட்டோ மீட்டர் வச்சு ஆரம்பிச்ச கதை

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரம், பக்கத்து ஊர்ல ஒன்பதாம் வகுப்புப் பசங்களுக்கு இயற்கணிதம். நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். அதனால முதல் வாரம் ‘மாறி’, ‘கெழு’, ‘நேரிய சமன்பாடு’ன்னு அவங்க புக்ல இருந்து நான்தான் வார்த்தை கத்துக்கிட்டேன். ரெண்டாவது வாரம், "நிஜ வாழ்க்கையில இருந்து உதாரணம் எடுத்தா பசங்களுக்குப் புரியும்"னு எங்கேயோ படிச்சதை நம்பி, சென்னை ஆட்டோ கட்டணத்தை போர்டுல எழுதினேன். 2013-ல் அரசு நிர்ணயிச்சது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அழகான நேரிய சமன்பாடு. எனக்கே என்மேல ஒரு பெருமை.

பின்னாடி இருந்து ஒரு பையன் கேட்டான்: "அக்கா, யாருக்கா மீட்டர் போடுறாங்க?"

கிளாஸே சிரிச்சது. நானும் சிரிச்சேன், ஆனா அன்னைக்கு வகுப்பு அதோட முடிஞ்சிடுச்சு. ஏன்னா அவன் கேட்டது சரியான கேள்வி. அந்த ஃபார்முலாவுல வர்ற விடையை யாரும் கொடுக்கிறதில்ல, யாரும் வாங்குறதும் இல்ல. ஊர்ல இருக்கிற ஒரு விஷயத்தைக் கொண்டு வந்துட்டா அது நிஜக் கணக்கு ஆகிடாது. அந்த விடை யாருக்காவது தேவைப்படணும். இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல, அந்தப் பையன்கிட்ட தெரிஞ்சுக்கிட்டேன்.

வார்த்தைக் கணக்கும் செயல்பணியும்

கல்வித் துறையில ‘பர்ஃபாமன்ஸ் டாஸ்க்’னு ஒண்ணு சொல்வாங்க. தமிழ்ல செயல்பணின்னு வச்சுக்கலாம். மாணவர் ஒரு விடையை மட்டும் எழுதிட்டுப் போகாம, கத்துக்கிட்டதை வச்சு ஒரு பொருளையோ முடிவையோ உருவாக்கி, அதை இன்னொருத்தருக்கு விளக்கணும்.

நம்ம புக்ல வர்ற வார்த்தைக் கணக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அமெரிக்காவுல 1980-களில் ரொம்பப் பேசப்பட்ட ஒரு கேள்வி இருக்கு. ஒரு பஸ்ல 36 பேர் போகலாம், 1128 சிப்பாய்கள் இருக்காங்க, எத்தனை பஸ் வேணும்? தேசிய அளவில் நடந்த தேர்வுல 13 வயசுப் பிள்ளைகள்கிட்ட கேட்டாங்க. நூத்துக்கு 29 பேர் "31 மீதி 12"ன்னு எழுதியிருந்தாங்க. வகுத்தல் சரி. ஆனா ‘மீதி 12’ங்கற பஸ் எங்க கிடைக்கும்? அந்த 12 சிப்பாய்கள் ரோட்டுல நிக்கிறாங்கன்னு யோசிக்க அந்தப் பிள்ளைகளுக்குக் காரணம் இல்ல. பஸ்ஸும் சிப்பாயும் வெறும் போர்வை, உள்ள வகுத்தல் கணக்கு இருக்குன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

செயல்பணி தயாரிக்க கிராண்ட் விகின்ஸ், ஜே மக்டைன்னு ரெண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் ஒரு பட்டியல் கொடுத்திருக்காங்க. ஆறு விஷயத்தை முதல்லயே முடிவு பண்ணிக்கணும்: இலக்கு என்ன, மாணவர் ஏத்துக்கிற பாத்திரம் எது, யாருக்காகச் செய்யறாங்க, சூழல் என்ன, கடைசியில கையில என்ன இருக்கணும், எதை வச்சு மதிப்பிடப் போறோம். ஆட்டோ கணக்குக்கு இந்த ஆறையும் போட்டுப் பார்த்தேன். ‘யாருக்காக’ங்கற இடத்துல எழுத எதுவுமே இல்ல. அங்கதான் கோட்டை விட்டிருக்கேன்.

அடுத்த சனிக்கிழமை, வீட்ல இருந்து ஈபி பில்லோ கார்டோ கொண்டு வரச் சொன்னேன்.

முதல் வகுப்பு: ஒரு யூனிட் ஒரு ரூபாயா?

கட்டணத்தை போர்டுல எழுதிப் போட்டோம். அதுக்கப்புறம் 2024-ல் ரேட் கொஞ்சம் ஏறினப்போவும் அமைப்பு அதேதான் இருந்தது. 2022 எண்கள்ல கணக்குப் போடறது சுலபம்ங்கறதால அதையே வச்சுக்கிட்டேன்.

மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா:
- முதல் 100: இலவசம்
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு ரூ. 2.25
- 201 முதல் 400 வரை: ரூ. 4.50
- 401 முதல் 500 வரை: ரூ. 6

மொத்தம் 500-ஐத் தாண்டினா:
- முதல் 100: இலவசம்
- 101 முதல் 400 வரை: ரூ. 4.50
- 401 முதல் 500 வரை: ரூ. 6
- 501 முதல் 600 வரை: ரூ. 8
- 601 முதல் 800 வரை: ரூ. 9
- 801 முதல் 1000 வரை: ரூ. 10
- அதுக்கு மேல: ரூ. 11

ஃபார்முலா எதுவும் சொல்லல. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு யூனிட் எண் மட்டும் கொடுத்து, பில் எவ்வளவுன்னு கேட்டேன். முதல் குழுவுக்கு 180 யூனிட். 100 போக 80, அதை 2.25-ஆல பெருக்கினா 180 ரூபாய். உடனே ஒருத்தன் எழுந்து, "அக்கா, ஒரு யூனிட் ஒரு ரூபாய்தான்!"னு அறிவிச்சுட்டான். 180-ஐக் கொடுத்தது நான் திட்டம் போட்டுச் செஞ்சது இல்ல, தற்செயல்தான். ஆனா இப்படி ஒரு தப்பு தானா வந்து மாட்டினா விடக் கூடாது. "அப்படியா, அடுத்த குழு என்ன சொல்றீங்க?" 260 யூனிட்காரங்களுக்கு 225-ம் 270-ம் சேர்ந்து 495 ரூபாய் வந்தது. 430 யூனிட்காரங்களுக்கு 1305. ஒரு ரூபாய்க் கொள்கை அவுட்.

அடுத்து ஒரு பொண்ணு கேட்டதுதான் அன்னைக்கு முக்கியமான கேள்வி: "அப்போ யூனிட்டும் ரூபாயும் ஒண்ணா வர்ற இடம் இது ஒண்ணு மட்டும்தானா?"

எழுத்து வந்து நுழைய வேண்டிய இடம் இதுதான். அதுவரைக்கும் எண் தெரியும், கணக்குப் போட்டோம். இப்போ எண் எதுன்னே தெரியாது, ஆனா அது எப்படி நடந்துக்கணும்னு தெரியும். 181, 182, 183ன்னு ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்க ஆரம்பிச்சாங்க. நான் தடுக்கல. ஏழெட்டு எண் போட்டதும் கை வலிச்சது. "எல்லாத்துலயும் ஒரே மாதிரிதானே பண்றோம்? மாறுறது எது?"ன்னு கேட்டேன். மாறுற அந்த ஒண்ணுக்கு ஒரு பேர் வைக்கலாம்னு சொன்னதும், யூனிட்டுக்கு ‘ய’னு அவங்களே வச்சாங்க. வழக்கமான எக்ஸ் வரல, ஆனா யாருக்கும் குழப்பமும் வரல.

2.25 × (ய – 100) = ய
2.25ய – 225 = ய
1.25ய = 225
ய = 180

அடுத்த படியில, அதாவது 200-க்கு மேல:

225 + 4.50 × (ய – 200) = ய
3.50ய = 675
ய = 192.86

"வந்துடுச்சு அக்கா, இன்னொரு இடம்!"னு ஒரே சந்தோஷம். "சரி, 192.86 எந்தப் படியில இருக்கு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அது 200-க்குக் கீழ. ஆனா நாம எழுதின சமன்பாடு 200-க்கு மேல மட்டும்தான் செல்லும். அதனால அந்த விடை செல்லாது. சமன்பாட்டைச் சரியா தீர்த்து, வந்த விடையைத் தூக்கிப் போட்டது அவங்களுக்கு அதுதான் முதல் தடவை. நம்ம செமஸ்டர் பேப்பர்ல ‘எல்லைக்குள் உள்ளதா என்று சரிபார்க்க’ங்கற ஸ்டெப்பை நாம எத்தனை தடவை விட்டிருக்கோம்!

இரண்டாவது வகுப்பு: 233 ரூபாய்

இந்தத் தடவை திருப்பிக் கேட்டேன். "அம்மாகிட்ட இந்த பில்லுக்கு 1000 ரூபாய்தான் இருக்கு. எத்தனை யூனிட்டுக்குள்ள ஓட்டணும்?"

225 + 4.50 × (ய – 200) = 1000. இதைத் தீர்த்தா ய – 200 = 172.2. ஆக 372 யூனிட். அறுபது நாளுக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 6 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். யூனிட்னா என்னன்னு அப்போதான் பேசினோம்: 1000 வாட் எடுக்கிற ஒரு பொருள் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். 75 வாட் ஃபேன்னா ஒரு யூனிட் ஆக 13 மணி நேரத்துக்கு மேல சுத்தணும்.

அதுக்கப்புறம் 500-ம் 501-ம். ரெண்டு குழுவா பிரிஞ்சு போட்டாங்க. 1725, 1958. யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு ரெண்டு குழுவும் ஒருத்தர் நோட்டை ஒருத்தர் திருத்தினாங்க. தப்பே கிடைக்கல. ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரி வரியா ஒப்பிட்டதும்தான் பிடிபட்டது. 501-வது யூனிட்டோட சொந்த விலை 8 ரூபாய். மீதி 225 எங்க இருந்து வந்தது? 500-ஐத் தாண்டினதும் 101 முதல் 200 வரைக்கும் இருந்த 2.25 ரூபாய் ரேட் 4.50 ஆகிடுது. நூறு யூனிட்டுக்குத் தலா 2.25 கூடுது. 225-ம் 8-ம் சேர்ந்தா 233.

கிராஃப் போடச் சொன்னேன். 500 வரைக்கும் கோடு அங்கங்க சாய்வு மாறினாலும் அறுபடாம போகும். 500-ல கோடு அறுந்து, மேல ஒரு இடத்துல இருந்து மறுபடி ஆரம்பிக்கும். ‘தொடர்ச்சியின்மை’ங்கற வார்த்தையை நாம முதல் வருஷத்துல வரையறையா மனப்பாடம் பண்ணினோம். இவங்க அதை ஈபி பில்லுல தொட்டுப் பார்த்துட்டாங்க. ஒரு பையன் சொன்னான்: "ரீடிங் எடுக்க வர்றதுக்கு முந்தின நாள் ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வெளிய படுத்தா 233 ரூபாய் மிச்சம் அக்கா." 500-ஐத் தொடப் போற வீட்டுக்கு அது உண்மைதான்.

மூன்றாவது வகுப்பு: நான் செஞ்ச தப்பு

இதுவரைக்கும் ஒரு பொண்ணு மட்டும் பில் கொண்டு வரவே இல்ல. மறந்துட்டான்னு நினைச்சுக் கேட்டேன். "எங்க வீட்ல கார்டே இல்லக்கா. ஓனர் வீட்டு மீட்டர்தான். சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குவாங்க."

எத்தனை யூனிட் வரும்னு கேட்டேன். ரெண்டு மாசத்துக்கு 140 இருக்கும்னா. நான் யோசிக்காம அதை போர்டுல எழுதிட்டேன். தனி மீட்டரா இருந்தா 40-ஐ 2.25-ஆல பெருக்கி 90 ரூபாய். அவங்க கட்டுறது 1120 ரூபாய்.

கிளாஸ் அமைதியாகிடுச்சு. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வகுப்பு முடியற வரைக்கும் பேசல. போகும்போது, "அம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா, ஓனரம்மா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க"ன்னு மட்டும் சொன்னா.

நிஜக் கணக்கு வேணும்னு தேடிப் போனவ நான். கிடைச்சதும் ஒரு குடும்பத்தோட கஷ்டத்தை நாற்பது பேர் முன்னாடி உதாரணமா ஆக்கிட்டேன். இதுக்குப் பதிலா ஆட்டோ கணக்கே பரவாயில்லைன்னு அன்னைக்கு ராத்திரி தோணிச்சு. ஆனா விட்டுடவும் மனசு வரல. ஏன்னா அந்த கிளாஸ்ல வாடகை வீட்ல இருக்கிறவங்க அவ ஒருத்தி மட்டும் இல்ல. அடுத்த வாரம் மன்னிப்பு கேட்டுட்டு, எண்களை மாத்தி, யாரோட வீடும் இல்லாத ஒரு வீட்டை உருவாக்கினேன்.

பணி இதுதான். ஒரே மீட்டர்ல ரெண்டு குடும்பம். வீட்டுக்காரர் 300 யூனிட், வாடகைக்காரர் 250 யூனிட். மொத்த பில்லை எப்படிப் பிரிச்சா ரெண்டு பேரும் ஒத்துக்குவாங்க? ஒரு குழு வீட்டுக்காரர், ஒரு குழு வாடகைக்காரர், ஒரு குழு பஞ்சாயத்து. கடைசியில ரெண்டு தரப்பும் படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி ஒரு பக்கத்துல யோசனை எழுதித் தரணும்.

மொத்தம் 550 யூனிட், பில் 2350 ரூபாய். பசங்க நாலு வழி வச்சாங்க.

1. இப்போ நடக்கிற மாதிரி யூனிட்டுக்கு 8 ரூபாய்: வாடகைக்காரர் 2000, வீட்டுக்காரர் 350.

2. மொத்த பில்லை மொத்த யூனிட்டால வகுக்கிறது. யூனிட்டுக்கு ஏறக்குறைய ரூ. 4.27: வாடகைக்காரர் 1068, வீட்டுக்காரர் 1282.

3. தனித்தனி மீட்டர் இருந்தா வந்திருக்கக் கூடிய பில்லோட விகிதம். வீட்டுக்காரருக்கு 675, வாடகைக்காரருக்கு 450. அதாவது 3:2. அப்படிப் பார்த்தா 1410-ம் 940-ம்.

4. வீட்டுக்காரர் தரப்பு சொன்னது: "நாங்க மட்டும் இருந்தா 675 ரூபாய்தான் கட்டியிருப்போம். நீங்க வந்ததாலதான் 2350 ஆச்சு. கூடின 1675-ஐ நீங்களே கட்டுங்க."

நாலாவதைக் கேட்டதும் வாடகைக்காரர் குழு கோபமா எழுந்துச்சு. அப்புறம் ஒருத்தி மெதுவா சொன்னா: "இதுலயும் நமக்கு 2000 வரலையே, 1675தானே?" வீட்டுக்காரருக்கு ரொம்பச் சாதகமான வழியில கூட யூனிட்டுக்கு 6.70 ரூபாய்தான் ஆகுது.

"250-க்கு அப்படி வந்திருக்கும், வேற எண் போட்டா மாறும்"னு வீட்டுக்காரர் குழு விடல. நல்ல வாதம். அதனால வாடகைக்காரர் யூனிட்டை ‘ய’ன்னு வச்சோம். மொத்தம் 501-ல் இருந்து 600-க்குள்ள இருக்கற வரைக்கும், அதாவது ‘ய’ 201-ல் இருந்து 300-க்குள்ள இருந்தா:

மொத்த பில் = 1950 + 8 × (300 + ய – 500) = 350 + 8ய
வாடகைக்காரர் தர்றது = 8ய
வீட்டுக்காரர் கையில இருந்து போறது = 350

‘ய’ காணாமப் போயிடுச்சு. வாடகைக்காரர் 210 யூனிட் ஓட்டினாலும் 290 ஓட்டினாலும் வீட்டுக்காரர் கட்டுறது 350 மட்டும். தனியா இருந்திருந்தா அவர் கட்டியிருக்க வேண்டியது 675. ஒவ்வொரு பில்லுக்கும் 325 ரூபாய் லாபம். இதை எந்த ஒரு எண்ணை வச்சும் நிரூபிச்சிருக்க முடியாது, எதிர்த்தரப்பு இன்னொரு எண்ணைக் கேட்டுக்கிட்டே இருக்கும். எழுத்து போட்டதாலதான் அந்த வாதம் முடிவுக்கு வந்தது. இயற்கணிதம் எதுக்குன்னு அன்னைக்கு யாரும் என்னைக் கேட்கல.

அப்போ வீட்டுக்காரர் குழுவுல ஒரு பையன், "எங்க வீட்லயும் மேல வாடகைக்கு விட்டிருக்கோம்கா. தண்ணி மோட்டார் ரெண்டு பேருக்கும்தானே ஓடுது? அது எங்க யூனிட்லதானே ஏறுது?"ன்னு கேட்டான். அவன் பக்கமும் நியாயம் இருக்கு. மோட்டார் யூனிட்டைத் தனியா குறிச்சு ஆளுக்குப் பாதின்னு பஞ்சாயத்துக் குழு தீர்ப்பு எழுதிச்சு. ‘8 ரூபாய் வாங்குறவங்க எல்லாம் கெட்டவங்க’ன்னு ஒரு நீதிக்கதையா இது முடியாம காப்பாத்தினவன் அவன்தான்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. ‘அல்ஜீப்ரா’ங்கற பேர் 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதின நூலோட தலைப்புல இருந்து வந்தது. அந்த நூலில் பெரிய பகுதி, வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கு பிரிக்கிற கணக்கு. அதாவது ஆரம்பத்துலயே இது பஞ்சாயத்துக் கணக்குதான். நடுவுல எப்படியோ எக்ஸோட மதிப்பைக் கண்டுபிடிக்கிற வேலையா மட்டும் சுருங்கிடுச்சு.

எப்படி மார்க் போட்டேன்

பத்துக்கு மதிப்பெண். சமன்பாட்டைச் சரியா அமைச்சதுக்கு 3. வந்த விடை அந்தப் படிக்குள்ள இருக்கான்னு பார்த்ததுக்கு 2. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு ஒரு வாக்கியம் எழுதினதுக்கு 2. கணக்கு தெரியாத ஒருத்தர் படிச்சாலும் புரியற மாதிரி யோசனையை எழுதினதுக்கு 3. பெருக்கல்ல தப்பு வந்தா கால்குலேட்டர் வச்சுத் திருத்திக்க விட்டேன், மார்க் குறைக்கல. இந்த அளவுகோலை வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே போர்டுல எழுதிடணும். முடிச்சப்புறம் சொன்னா அது பரீட்சை மாதிரி ஆகிடும்.

நீங்க எடுக்கப் போறதா இருந்தா

ஒண்ணு, மூணு வகுப்பு தேவை. ஒரே நாள்ல முடிக்க நினைச்சா கடைசியில நீங்களே ஃபார்முலா சொல்லிக் கொடுத்துட்டு வருவீங்க.

ரெண்டு, எழுத்தை அவசரப்பட்டு உள்ள கொண்டு வராதீங்க. எண்களைப் போட்டுப் போட்டு அலுக்கட்டும். அந்த அலுப்புதான் ‘ய’வைக் கூப்பிடும்.

மூணு, இதை மட்டுமே வச்சு வண்டி ஓடாது. அடைப்புக்குறியை நீக்கறது, குறி மாத்தறது எல்லாம் கை பழகறதுக்குப் புக்ல இருக்கிற பயிற்சிக் கணக்கு வேணும். 4.50 × (ய – 200)-ஐ 4.50ய – 200-ன்னு விரிச்சவங்க எங்க வகுப்புல பாதிப் பேர். அதுக்கு அரை மணி நேரம் சாதாரண பயிற்சிதான் கொடுத்தேன்.

நாலு, யாரோட வீட்டு எண்ணையும் போர்டுல எழுதாதீங்க. எண்ணை மாத்திட்டா கணக்கு கெடாது.

வீட்டுப்பாடமா ஒரு கேள்வி, உங்களுக்கும்தான். தனி மீட்டர் வச்சிருக்கிற ஒருத்தருக்கு, எத்தனை யூனிட்டைத் தாண்டினா ‘யூனிட்டுக்கு 8 ரூபாய்’ங்கறதே மலிவா இருக்கும்? கடைசிப் படியில 6550 + 11 × (ய – 1000) = 8ய. போட்டுப் பாருங்க, 1483-க்கு மேல வரும். "அது யார் வீடு அக்கா, ரூமுக்கு ரூம் ஏசி இருக்குமா?"ன்னு கேட்டாங்க.

அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு விஷயம். அவங்க வீட்ல இன்னும் 8 ரூபாய்தான் கட்டுறாங்க. அதை நான் மாத்தல, அவளும் அம்மாகிட்ட எதுவும் கேட்கலைன்னு சொன்னா. ஆனா கடைசி வகுப்புக்கு ஒரு பழைய நோட்டு கொண்டு வந்தா. நாலு வாரமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சப்-மீட்டர் ரீடிங் எழுதியிருந்தா. பக்கத்துல ரெண்டு பத்தி போட்டிருந்தா. ஒண்ணுல 8ய. இன்னொண்ணுல 2.25 × (ய – 100). நடுவுல கோடு போட்டு வித்தியாசத்தை எழுத இடம் விட்டிருந்தா. முதல் ரெண்டு வாரத்துக்கு இரண்டாவது பத்தியில கழித்தல் குறியோட விடை வந்ததால அதைச் சுழிச்சு, "100 தாண்டல, செல்லாது, 0"ன்னு அவளே எழுதி வச்சிருந்தா.

அந்த ‘செல்லாது’க்கு ரெண்டு மார்க் போட்டேன்.